தட்டையில் எழுந்த கோளம்

தொலைபேசிக் கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கொரு முறை தங்கள் சின்னத்தை மாற்றிக்கொண்டு, அந்த மாற்றத்தில் எதிர்காலமும் நம்பிக்கையும் திறந்த மனமும் அடங்கியிருப்பதாக நீண்ட அறிக்கை வெளியிடுகின்றனவே, அவற்றில் விஞ்ஞானம் ஏதேனும் உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அறிக்கைகளில் இல்லை என்றே சொல்லவேண்டும். நீலம் நம்பகத்தை விளைவிக்கும், வட்டம் உலக ஒற்றுமையை உணர்த்தும் என்பன போன்ற வாக்கியங்களைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. சோதிக்க முடியாததை விஞ்ஞானம் என்று ஏற்பதற்கில்லை. ஆனால், அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி 1983ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட கோளச் சின்னத்தில் மெய்யாகவே ஓர் அற்புதம் இருக்கிறது. அது கம்பெனியைப் பற்றியதன்று, நம் கண்ணையும் மூளையையும் பற்றியது.

வரலாற்றுக்குச் சில வரிகள் போதும். 1885இல் தோன்றிய அந்தக் கம்பெனிக்கு, அதன் அதிகாரி ஆங்கஸ் ஹிப்பர்டு 1889இல் கொடுத்த மணிச் சின்னம், எழுத்துக்களைச் சேர்த்தும் உதிர்த்தும் எண்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1969இல் சால் பாஸ் என்னும் சித்திரக் கலைஞரின் கையில் சில கோடுகளாகச் சுருங்கியது. ஏகபோகத்தை எதிர்த்து அரசாங்கம் தொடுத்த வழக்கின் விளைவாக 1984 ஜனவரி 1ஆம் தேதி கம்பெனி பிளவுபடவிருந்தபோது, மணியும் அதுவரை அது தாங்கிவந்த பெல் என்ற பெயரும் பிரிந்துபோகும் வட்டாரக் கம்பெனிகளின் பங்கிற்குப் போகவிருந்தமையால், தாய்க் கம்பெனிக்கு அதே பாஸ் புதிதாக ஒன்றை வரைந்தார்.

ஒரு வட்டம், அதற்குள் படுக்கைவாட்டில் பன்னிரண்டு கோடுகள், ஒரே நீல மை: அவ்வளவுதான் அந்தச் சின்னம். சாயை பூசப்படவில்லை, இரண்டாவது வர்ணம் கிடையாது. கோடுகள் விளிம்பருகே பருத்தும், மேற்புறத்தில் சற்று இடப்பக்கமாக மெலிந்தும் செல்கின்றன. எனினும் அதைப் பார்த்தவர்கள் கோடுகளைப் பார்க்கவில்லை. ஒளி பட்டு மிளிரும் ஓர் உருண்டையைப் பார்த்தார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் வரும் கோள வடிவான போர்நிலையத்தின் பெயரையே ஜனங்கள் அதற்குச் சூட்டிவிட்டதைக் காட்டிலும் இதற்குப் பெரிய சாட்சியம் வேண்டுமா?

இது நிகழும் விதத்தை வீட்டுப் பண்டங்களைக்கொண்டே விளக்கலாம். தோல் நீக்காத கறுப்பு உளுந்தையும் பச்சரிசியையும் கலந்து ஒரு முறத்தில் பரப்பி, வெகுதூரம் விலகிச் சென்று பார்த்தால், உளுந்தும் தெரியாது, அரிசியும் தெரியாது, சாம்பல் நிறமே தெரியும். உளுந்து மிகுந்த இடம் கருஞ்சாம்பலாகவும் அரிசி மிகுந்த இடம் வெண்சாம்பலாகவும் தோன்றுமாகையால், மேற்புறம் அரிசியைக் கூட்டி, விளிம்பை நோக்கிப் போகப்போக உளுந்தைப் படிப்படியாக ஏற்றிவைக்கும் பொறுமை ஒருவருக்கு இருக்குமானால், தட்டையான அந்த முறம் நடுவில் புடைத்து எழுந்ததாகவே தூரத்தில் நிற்பவருக்குத் தோன்றும். பாஸின் நீலக் கோடுகள் உளுந்து; காகிதத்தின் வெண்மை அரிசி; கோட்டின் பருமன், அந்தந்த இடத்தில் எத்தனை பிடி உளுந்து விழுந்தது என்பதன் கணக்கு.

ஆனால் சின்னம் முறத்தை விஞ்சுவது இனிமேல்தான். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் படிக்கும்போது, நல்ல கண் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு இடைவெளியைக்கூடப் பிரித்தறியும். ஆகவே கடிதத் தாளில் அச்சான கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை, தனித்தனியே தெரிகின்றன. அப்போதும் உருண்டை மறைவதில்லை! ஏனெனில், விழித்திரையிலிருந்து வரும் செய்தியைத் திரட்டும் நரம்பணுக்களுள் சில குறுகிய பரப்பை மட்டும் கவனித்துக் கோட்டின் விளிம்பை அறிவிக்க, வேறு சில விரிந்த பரப்பின் ஒளியைச் சராசரியாகக் கூட்டி, அதே கணத்தில் சாயையை அறிவிக்கின்றன. அருகில் நின்று தானியங்களை எண்ணுபவரும் தொலைவில் நின்று சாம்பல் நிறத்தைக் காண்பவரும் ஒரே கண்ணுக்குள் குடியிருக்கிறார்கள்.

சாயை மட்டும் உருண்டையாகிவிடாது; ஒளி எங்கிருந்து வருகிறது என்று மூளை முடிவுகட்டியாக வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன், மேலே வெளுத்துக் கீழே கறுத்த வட்டங்கள் மேடாகவும், கீழே வெளுத்து மேலே கறுத்தவை குழியாகவும் தோன்றுவதை ஆராய்ந்து, ஒளி மேலிருந்தே வரும், அதுவும் ஒரே விளக்கிலிருந்து வரும் என்ற அனுமானத்தோடு மூளை இயங்குவதாக 1988இல் எழுதினார். அந்த விளக்கு உச்சியில் இராமல் சற்று இடப்பக்கம் இருப்பதாகவே பலரும் தம்மையறியாமல் கொள்கிறார்கள் என்று 1998இல் வேறொரு ஆராய்ச்சி காட்டியது. பாஸ் தம் சின்னத்தில் ஒளியை வைத்த இடமும் அதுவே. ஓவியர்களின் பயிற்சி ஆராய்ச்சிக்கு முன்னரே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கோட்டின் பருமனாலேயே சாயை காட்டும் வித்தையும் புதிதன்று: பிரான்ஸில் கிளாட் மெல்லான் 1649இல், மூக்கின் நுனியில் தொடங்கிச் சுழன்று சுழன்று விரியும் ஒரே கோட்டைப் பருக்கவும் மெலியவும் செய்தே கிறிஸ்துவின் முகம் முழுவதையும் செதுக்கிவிட்டார்.

1990களில் கோடுகள் பன்னிரண்டிலிருந்து எட்டாகக் குறைந்தன. இதற்கு மையின் குணமே போதிய காரணம் என்பது என் அபிப்பிராயம். கண்ணில் கோடுகள் கலந்தால் விகிதம் கெடுவதில்லை. காகிதத்தில் மை பரவினாலோ கெட்டுவிடும். நாலு மில்லிமீட்டர் வட்டத்தில் பன்னிரண்டு கோடுகளை அடைத்தால், ஒரு கோட்டுக்கும் அதையடுத்த வெள்ளைக்கும் சேர்ந்து கிடைப்பது மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு. எட்டுக் கோடுகளானால் அரைப் பங்கு. ஊறிய உளுந்து பருத்து அரிசியை மூடிவிடுவதுபோல, மட்டமான தாளில் மை கசிந்து, இருண்ட பகுதியின் மெல்லிய வெள்ளைகளை விழுங்கிவிட, உருண்டை வெறும் வில்லையாகிவிடும்.

2005இல் எஸ்.பி.சி. கம்பெனி ஏ.டி. அண்ட் டி.யை வாங்கி அதன் பெயரையே சூடிக்கொண்டபோது, கோடுகள் கண்ணாடி போன்ற பட்டைகளாகி, கணிப்பொறி பூசிய சாயையோடு கோளத்தைச் சுற்றி வளைந்தன. மூளை தானாகவே செய்துகொண்டிருந்த வேலையை வர்ணத்தால் மறுபடியும் செய்த அந்த உருவம் எனக்கு உவப்பானதன்று. சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் கம்பெனி அந்தப் பூச்சைக் களைந்து, ஒரே நீலத்தில் பருத்தும் மெலிந்தும் செல்லும் தட்டைப் பட்டைகளுக்குத் திரும்பியது.