மூன்று மண்ணின் மகள்... ஒரே ஒரு பாஸ்போர்ட்! - நவோமி ஒசாகாவின் கதை

2021 ஜூலை 23. டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழா. கொரோனா காலம் என்பதால் கேலரிகள் காலியாகக் கிடந்தன. கடைசியாக ஜோதியை வாங்கி, படியேறிச் சென்று ஒலிம்பிக் கொப்பரையில் ஏற்றியவர் 23 வயது டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா. ஜப்பானே அவரைக் கொண்டாடியது.

நான்கு நாள்கள்தான். மூன்றாவது சுற்றில் அவர் தோற்றதும், 'இவர் நிஜமாகவே ஜப்பான் பெண்தானா?' என்ற பழைய கேள்வியைச் சிலர் இணையத்தில் மறுபடியும் கிளப்பினார்கள்.

நவோமியின் அப்பா லியோனார்ட், கரீபியக் கடலில் இருக்கும் ஹைட்டி நாட்டுக்காரர். அம்மா தமாகி, ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவைச் சேர்ந்தவர். மகள் ஒரு கறுப்பின இளைஞரைக் காதலிப்பது தெரிந்ததும் தமாகியின் அப்பா கொதித்துப்போனார். பிறந்த வீட்டோடு தமாகிக்கு இருந்த உறவு பத்தாண்டுகளுக்கும் மேலாக அறுந்துபோனது. காதலர்கள் தெற்கே ஒசாகா நகரத்துக்குப் போய்க் குடியேறினார்கள். அங்கேதான் 1997 அக்டோபர் 16 அன்று நவோமி பிறந்தார். 'ஒசாகா' என்ற குடும்பப் பெயர் ஊரிலிருந்து வந்ததல்ல. அது அம்மாவின் குடும்பப் பெயர்.

1999 பிரெஞ்சு ஓப்பனில் வீனஸ், செரீனா சகோதரிகள் ஆடுவதை டி.வி-யில் பார்த்த லியோனார்டுக்கு ஒரு யோசனை. தன் இரண்டு மகள்களையும் அப்படி வளர்த்தால் என்ன? இத்தனைக்கும் அவருக்கு டென்னிஸ் தெரியாது. நவோமிக்கு 3 வயதானபோது குடும்பம் அமெரிக்கா போனது. நியூயார்க் அருகே ஹைட்டி தாத்தா, பாட்டி வீட்டில் வாழ்க்கை. அப்பா பயிற்சி கொடுக்க, அம்மா வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார்.

நவோமி கையில் ஜப்பான், அமெரிக்கா என இரண்டு குடியுரிமைகள். அமெரிக்காவில் வளர்ந்தாலும், மகள்கள் ஜப்பானுக்காகத்தான் ஆட வேண்டும் என்று பெற்றோர் தொடக்கத்திலேயே முடிவெடுத்துவிட்டார்கள்.

2018-ல் அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டி. எதிரே, அவர் பார்த்துப் பார்த்து வளர்ந்த செரீனா. 6-2, 6-4 என்று நவோமி ஜெயித்தார். ஒற்றையர் பிரிவில் கிராண்ட் ஸ்லாம் வென்ற முதல் ஜப்பானியர் அவர்தான். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்று, ஒற்றையர் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் ஆசியர் ஆனார். ஆனால், அதே நேரத்தில் ஜப்பானில் வெளியான ஒரு கார்ட்டூன் விளம்பரம் அவரை வெள்ளைத் தோலோடு காட்டியது. எதிர்ப்பு கிளம்ப, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. ஜெயித்த பெண் வேண்டும். அவள் நிறம் வேண்டாமா?

கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர்களை ஜப்பானில் 'ஹாஃபு' என்பார்கள். பாதி என்று அர்த்தம். சட்டமும் முழுசாக ஒன்றைத்தான் கேட்டது. பெரியவர்கள் இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பதை இந்தியாவைப் போலவே ஜப்பானும் ஏற்பதில்லை. 22 வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பதே அன்றைய விதி. 22-வது பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு, 2019 அக்டோபரில், ஜப்பானைத் தேர்ந்தெடுப்பதாக நவோமி அறிவித்தார்.

அதனால் மற்ற இரண்டு மண்ணும் அவரை விட்டுப் போய்விடவில்லை. 2020 அமெரிக்க ஓப்பனில் ஏழு சுற்றுகளுக்கு ஏழு மாஸ்க் அணிந்து வந்தார். ஒவ்வொன்றிலும் அமெரிக்காவில் வன்முறைக்குப் பலியான ஒரு கறுப்பினத்தவரின் பெயர். ஏழு பெயர்களையும் உலகம் பார்க்க வேண்டுமானால் இறுதிப் போட்டி வரை போக வேண்டும். போனார், கோப்பையையும் வென்றார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஜப்பானுக்காகவே களம் இறங்கி, முதல் சுற்றில் தோற்றார். தான் யார் என்ற கேள்விக்கு அவர் 2018-லேயே பதில் சொல்லிவிட்டார். முதல் கோப்பையோடு ஜப்பான் வந்தபோது, அடையாளம் குறித்து நிருபர்கள் கேட்டார்கள். அதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை, தான் தானாகவே இருப்பதாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 20.