தட்டின் உள்வளையத்தைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பழைய இசைத்தட்டு வாங்கும் ஆசை மறுபடி பரவியிருக்கிறது. கூடவே ஏமாற்றும் பரவியிருக்கிறது. என்னிடம் வரும் புலம்பல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. எழுபதுகளின் தமிழ்ப் பட எல்.பி. ஒன்றை ‘ஒரிஜினல், மின்ட் கண்டிஷன்’ என்று வாட்ஸ்அப் குழுவில் பார்க்கிறார்கள். பணம் அனுப்புகிறார்கள். பார்சலைப் பிரித்தால் உறை கலர் ஜெராக்ஸ், தட்டு முழுக்கக் கீறல். இன்னும் சிலர் பளபளக்கும் பித்தளைக் குழாய் வைத்த ‘நூறு வருஷத்து’ கிராமபோனை வாங்கி வருகிறார்கள். அது அண்மையில் எங்கோ பட்டறையில் பழைய மோட்டாரையும் புதுப் பெட்டியையும் சேர்த்து முடுக்கியது. பில் வாங்கினீர்களா என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே மௌனம்.

நல்ல ஒலி எதில் இருக்கிறது என்று தெரியாததால்தான் இவ்வளவும் நடக்கிறது. உறைமேல் ஒட்டிய ஸ்டிக்கரில் அது இல்லை. ‘180 கிராம்’ என்பது தட்டின் எடை, அவ்வளவே. மோசமான பதிவைக் கனமான தட்டில் அடித்தாலும் மோசமாகத்தான் கேட்கும். எந்த மூலநாடாவிலிருந்து எடுத்தார்கள், யார் அதைத் தட்டின் தடமாக வெட்டினார்கள், எந்த ஆலையில் அடித்தார்கள், பிறகு எப்படிப்பட்ட ஊசி அதன்மேல் ஓடியது, இந்த நான்கும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன.

இதில் யார் வெட்டினார்கள், எந்த ஆலையில் அடித்தார்கள் என்பதற்குச் சாட்சி தட்டிலேயே இருக்கிறது. கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழுவழுப்பான கறுப்பு வளையம் ஒன்று உண்டு. தட்டைச் சாய்த்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நகத்தால் கீறியதுபோலச் சில எழுத்துகளும் எண்களும் தெரியும். லெட் செப்பலின் குழுவின் இரண்டாவது ஆல்பம் (1969) எத்தனையோ விதமாக வந்திருக்கிறது. அதன் அமெரிக்க முதல் வெட்டில், இந்த வளையத்தில் ‘ஆர்.எல்.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது ஒலிப்பொறியாளர் ராபர்ட் லட்விக் வெட்டியது. ராக் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அதைத்தான். ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய ஜாஸ் தட்டுகளில் ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டரின் ‘ஆர்.வி.ஜி.’ அல்லது ‘வான் கெல்டர்’ முத்திரையையும், 1966 வரை அவற்றை அடித்துக்கொடுத்த பிளாஸ்டிலைட் ஆலையின் காது வடிவக் குறியையும் தேட வேண்டும். உறை அச்சு அசலாக இருந்து வளையத்தில் இந்தக் குறிகள் இல்லையென்றால், அது பெரும்பாலும் பின்னாளில் வந்த பிரதி. அதற்கு முதல் பதிப்பின் விலையைக் கொடுக்காதீர்கள்.

முதல் பதிப்புதான் எப்போதும் சிறந்தது என்பதும் பொய். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959-இல் வந்தது. பதிவின்போது கருவி சற்றே மெதுவாக ஓடியதால், முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் தட்டில் இயல்பைவிடச் சுருதி ஏறி ஒலித்தன. 1990களில்தான் அது சரியான வேகத்தில் வெளிவந்தது. விலை உயர்ந்த பிரதி வேறு, சரியாக ஒலிக்கும் பிரதி வேறு.

நம் ஊர்த் தட்டுகளுக்கு வருவோம். எச்.எம்.வி. தட்டுகள் கொல்கத்தா டம் டம் ஆலையில் அடிக்கப்பட்டவை. அவற்றில் பலவற்றின் லேபிளிலேயே பக்கத்துக்கொரு எண் அச்சாகியிருக்கும். அதே எண் உள்வளையத்திலும் இருக்க வேண்டும். உறையிலுள்ள பதிவு எண் லேபிளோடு பொருந்த வேண்டும். எண்கள் முரண்பட்டால் யாரோ ஒரு தட்டை வேறொரு உறையில் செருகியிருக்கிறார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் (1963) போன்ற தட்டுகளை ‘அரிய பொக்கிஷம்’ என்று விற்கிறார்கள். அரியதே அல்ல. தினமும் விடியலில் ஓடித் தேயாத பிரதி கிடைப்பதுதான் அரிது. அதனால் பெயருக்குப் பணம் கொடுக்காமல், ஓட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதிலும் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். உள்ளே போகப்போக ஊசிக்கடியில் தட்டு நகரும் வேகம் குறைகிறது. தேய்மானத்தின் கரகரப்பு அங்கேதான் முதலில் தெரியும்.

‘மின்ட்’, ‘வி.ஜி. பிளஸ்’, ‘குட்’ என்பவை சேகரிப்பாளர் தரக்குறியீடுகள். ‘குட்’ என்றால் நல்லது என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். அந்த ஏணியில் ‘குட்’ என்பது கீறலும் இரைச்சலும் நிறைந்த தட்டு.

வாங்கியதை நாமே கெடுப்பதும் உண்டு. குழாய் கிராமபோனின் இரும்பு ஊசி நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். நல்ல டர்ன்டேபிளின் ஊசி இரண்டு கிராம் அளவில்தான். எல்.பி.யைக் குழாய்ப் பெட்டியில் ஒரு தடவை ஓட்டினாலும் தட்டு போயிற்று. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டு அரக்கில் செய்தது. அதைச் சானிட்டைசரோ ஸ்பிரிட்டோ தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். எத்தனை தடவை சொன்னாலும் துடைக்கிறார்கள்!

இனி ஏமாந்தால் என்ன செய்வது என்று பார்ப்போம். முதலில் ஒரு வெளிநாட்டு உதாரணம். 2022-இல் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் முழுக்க நாடாவிலிருந்தே வெட்டியது என்று வாடிக்கையாளர்கள் நம்பி வாங்கிய தட்டுகளில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது வெளியே வந்தது. ஒலி நன்றாகத்தான் இருந்தது. சொன்னது வேறு, கொடுத்தது வேறு என்பதுதான் வழக்கு. 2023-இல் சமரசம் ஆனது. இரண்டரைக் கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். தட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு முழுப் பணமும் கிடைக்க வழி பிறந்தது.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். அந்த வரி சட்டத்தைத் தாண்டாது.

முதலில் ஆதாரம். பார்சல் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். உள்வளைய எழுத்துகளைப் படமெடுங்கள். விற்றவர் ‘மின்ட்’, ‘ஒரிஜினல்’ என்று எழுதிய செய்தியை அவர் அழிப்பதற்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் போன யு.பி.ஐ. எண்ணைக் குறித்து வையுங்கள். இணைய விற்பனைத் தளமென்றால் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தருவது அவர் கடமை. கடையென்றால் ஒரு கடிதத்தை ஒப்புகை அட்டையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்; வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். பொருளுக்குக் கொடுத்தது ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. விற்றவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் மறுவிற்பனைக்காக வாங்கியிருந்தால் பொதுவாக நீங்கள் நுகர்வோர் ஆகமாட்டீர்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போய்விட்டால் அது மோசடி. அன்றைக்கே, முடிந்தால் அந்த மணிக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். பணம் கணக்கைவிட்டுப் போகுமுன் முடக்க வாய்ப்பு அப்போதுதான் உண்டு. காவல் நிலையத்தில் ‘பாட்டுத் தட்டுக்கெல்லாம் கம்ப்ளெயின்டா?’ என்று சிரித்து அனுப்புகிறார்கள். எரிச்சலூட்டும் அலட்சியம் இது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பழைய பாட்டுகளைப் புதிதாக அடித்து விற்கும் தட்டுகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு, ஒலிப்பதிவைத் தயாரித்தவரின் பெயர் முகவரி, உரிமையாளரின் பெயர் முகவரி, முதலில் வெளியான ஆண்டு ஆகியவை தட்டிலும் உறையிலும் இருக்க வேண்டும் என்கிறது. இல்லாமல் வெளியிட்டால் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பின்னட்டையைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். முகவரி இல்லையென்றால் கள்ளத் தட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் மூலநாடா இருந்திருக்க வாய்ப்பில்லை, யாரோ சி.டி.யிலிருந்தோ எம்.பி.3-யிலிருந்தோ இறக்கியிருப்பார்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடக் கெடு, ஏமாந்த நாளிலிருந்து இரண்டாண்டு. ‘பார்த்துக்கலாம்’ என்று பேசிப் பேசியே விற்பவர்கள் இந்தக் காலத்தைக் கடத்துவார்கள். பேசுங்கள், ஆனால் மனுவை எழுதி வைத்துக்கொண்டே பேசுங்கள்.