இரத்தக்குழாய் அடைப்பும் குடல் நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சையும்

இச்சிகிச்சை என்பது என்ன?

ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் நுண்ணுயிரிகளைப் பரிசோதித்து, கொலோனோஸ்கோப்பி, எனிமா அல்லது மாத்திரை வழியாக நோயாளியின் குடலுக்குள் செலுத்துவதே குடல் நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை ஆகும். குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவால் திரும்பத் திரும்ப ஏற்படும் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்க, இவ்வகை மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இரத்தக்குழாய் அடைப்புக்கு அத்தகைய ஒப்புதல் இல்லை.

குடலுக்கும் இதயத்திற்கும் என்ன தொடர்பு?

ஆட்டிறைச்சியிலுள்ள கார்னிடைன், முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள கோலைன் ஆகியவற்றிலிருந்து குடல் பாக்டீரியாக்கள் ஒரு வேதிப்பொருளை உண்டாக்குகின்றன. கல்லீரல் அதனை டி.எம்.ஏ.ஓ. என்னும் பொருளாக மாற்றுகிறது. இரத்தத்தில் இதன் அளவு மிகுந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்படுவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

மனிதர்களிடம் பலன் கிடைத்ததா?

நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், உடற்பருமனும் வளர்சிதை மாற்றக் குறைபாடும் உள்ள 20 ஆண்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு, விலங்குணவை முற்றிலும் தவிர்ப்பவர்களின் நுண்ணுயிரிகள் செலுத்தப்பட்டன. மற்றவர்களுக்கு அவரவர் நுண்ணுயிரிகளே செலுத்தப்பட்டன. முதற்பிரிவினரின் குடல் நுண்ணுயிர்கள் ஓரளவு மாறினாலும், டி.எம்.ஏ.ஓ. உற்பத்தியோ இரத்தக்குழாய் அழற்சியோ குறையவில்லை.

ஆபத்து உண்டா?

உண்டு. போதிய பரிசோதனை செய்யப்படாத மலத்தின் வழியாக, மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா இரு நோயாளிகளுக்குப் பரவி, அவர்களுள் ஒருவர் உயிரிழந்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 இல் எச்சரித்தது. இதனை வீட்டில் ஒருபோதும் முயலக் கூடாது.

நோயாளிகள் செய்ய வேண்டியவை

• அடைப்புக்காகத் தரப்பட்ட அட்டோர்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. குறிப்பாக, ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் மாத்திரையை நிறுத்தினால் அதனுள் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

• புகையிலையை அறவே கைவிட வேண்டும்.

• கொங்கு வட்டாரத்தில் வழக்கமாக உண்ணப்படும் கம்பு, ராகி, சோளம், கொள்ளு ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்து, நன்மை செய்யும் குடல் நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் உண்ணும் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

• இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக வீட்டிலேயே பெறலாம்.

• நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், திடீர் வியர்வை ஆகியவை தோன்றினால், வாயுத்தொல்லை எனக் கருதிக் காத்திராமல், உடனே 108 ஐ அழைக்க வேண்டும்.