பேறுகாலச் செலவும் தந்தையின் கடமையும்

ஆரணிப் பட்டின் பெருமையை அறியாதார் இலர். அப்பட்டை நெய்யும் இல்லங்களிலோ வீட்டின் பாதியைத் தறியே அடைத்துக்கொள்ளும். தந்தை நெய்ய, தாய் நூல் சுற்ற, பிள்ளைகள் உடனிருந்து உதவ, எல்லாருடைய உழைப்பும் சேர்ந்தே ஒரு புடவையின் கூலியாகிறது.

அத்தகைய இல்லம் ஒன்றை மனத்தில் எண்ணிப் பாருங்கள். பருவம் நிறைந்த மகள் மணமாகாமலே கருவுற்றிருக்கிறாள். மணந்துகொள்வதாகச் சொன்ன இளைஞன் முகங்காட்டுவதில்லை. அரசு மருத்துவமனையில் பேறு பார்க்கக் கட்டணமில்லை என்பது உண்மையே. ஆயினும் மாதந்தோறும் சென்று வரும் பயணச் செலவு, சத்துள்ள உணவு, அவள் வேலை செய்ய இயலாத மாதங்களின் கூலி இழப்பு ஆகியவை உண்டு. பெற்றோர் முதலாளியிடம் முன்பணம் வாங்குகின்றனர். அக்கடன் தறியோடு கட்டுண்டு பல ஆண்டுகள் தொடர்கிறது. அவ்விளைஞனோ ஒரு காசும் தருவதில்லை. இது நீதியா?

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, மணவாழ்வுக்குப் புறம்பே பிறந்த குழந்தைக்கும் தந்தை ஜீவனாம்சம் தரவேண்டுமென விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. முன்பு மாதம் 500 ரூபாய்க்கு மேல் விதிக்க இயலாதிருந்தது. அந்த வரம்பு 2001-இல் நீக்கப்பட்டது. ஆணையை மீறுபவன் சிறை செல்லவும் நேரிடும்.

ஆனால் ஒரு குறையைக் கவனியுங்கள். இச்சட்டம் குழந்தைக்குத்தான் உரிமை தருகிறது. மணமாகாத தாய்க்கு அன்று. கருவுற்ற காலச் செலவையும் பேறுகாலச் செலவையும் தந்தை ஏற்கவேண்டுமென இப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மருத்துவச் செலவைப் பெற வழி செய்கிறது. எனினும் ஒரே வீட்டில் கணவன் மனைவி போல் வாழ்ந்தவர்க்கே அது பொருந்தும். கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது.

பிற நாடுகளில் இக்குறையை நீக்கியுள்ளனர். ஜெர்மானியச் சட்டப்படி, பேற்றுக்கு முன் 6 வாரங்களும் பின் 8 வாரங்களும் தாயைப் பராமரிப்பதோடு, கருவுற்றதாலும் பேற்றாலும் நேரும் செலவுகளையும் தந்தை ஏற்கவேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2021-இல், மருத்துவச் செலவில் பாதி தந்தையுடையது என்று சட்டமியற்றியது.

நம் நாட்டில் அத்தகைய சட்டம் வரும்வரை பெற்றோர் செய்யத்தக்கவை உண்டு. முதலாவது, காலந்தாழ்த்தாமை. மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்கவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியுள்ளது. ஆகவே குழந்தை பிறந்தபின் தயங்கி நிற்கும் ஒவ்வொரு மாதமும் இழப்பே. இரண்டாவது, சான்றுகளைப் பாதுகாத்தல். கடிதம், புகைப்படம், பணம் அனுப்பிய சீட்டு எதையும் கோபத்தில் எரித்துவிடாதீர்கள். மரபணுச் சோதனையை நீதிமன்றம் கேட்டவுடன் ஆணையிட்டுவிடாது. மூன்றாவது, சட்ட உதவி. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண் 18 வயது நிரம்பாதவளாயின் அது ஜீவனாம்ச வழக்கு மட்டுமன்று. போக்சோ சட்டப்படி கடுங்குற்றமாகும்.

திருச்சபையும் தந்தையை மறந்துவிடவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 877-ஆம் எண்ணின்படி, பங்குத்தந்தை முன்னும் இரு சாட்சிகள் முன்னும் தானே அறிக்கையிடும் தந்தையின் பெயர், மணமாகாத தாயின் குழந்தைக்குரிய திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதப்படும். மனச்சான்றுள்ள இளைஞன் வருவதற்குக் கதவு திறந்தே இருக்கிறது.

அக்கதவுக்கு அவனை அழைத்து வருவது யார்? மகனைப் பெற்றவர்களே! "ஆண்பிள்ளைதானே" என்று அவனை வெளியூருக்கு அனுப்பி மறைக்கும் பெற்றோர், தம் பேரக்குழந்தையின் பாலையே மறுக்கின்றனர். மணம் கூடினாலும் கூடாவிட்டாலும், பேறுகாலச் செலவை இரு குடும்பங்களும் எழுத்து மூலம் பகிர்ந்துகொள்ளலாம். சட்டம் வற்புறுத்தாத இக்கடமையை அன்பு வற்புறுத்தவேண்டாமா?

பங்குக் குடும்பங்களே, அப்பெண்ணின் வீட்டு வாசலில் நின்று பழி பேசுமுன், அந்த இளைஞனின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.