கடின நீரும் வானவில் மீனும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கீழெல்லையில், பொள்ளாச்சிப் பக்கமாக அமைந்துள்ள எருத்தேன்பதி மழை குறைந்த பகுதியாகும். மாவட்டத்தின் மேற்குப் பகுதிகள் தென்மேற்குப் பருவத்தில் நனைந்து கிடக்கையில், இங்குள்ளோர் கிணற்றையும் ஆழ்குழாயையுமே பெரிதும் நம்பியுள்ளனர். கால்சிய, மக்னீசிய உப்புக்கள் மிகுந்த கிணற்று நீரில் சோப்பு எளிதில் நுரைப்பதில்லை. நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்படலம் படிகிறது. வீட்டில் அழகு மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் ஆராய வேண்டியது இந்நீரையே. மீனை வாங்கிய பின் அதற்கேற்ப நீரை மாற்ற முயல்வது பணத்திற்கும் மீனுக்கும் கேடு.

இத்தகைய கடின நீருக்கு ஏற்றவை வானவில் மீன்கள். இவற்றின் தாயகம் ஆஸ்திரேலியாவும் நியூகினியும் ஆகும். இவற்றுள் பெயர்பெற்ற போஸ்மன் வானவில் மீன், மேற்குப் பப்புவாவில் அயமாரு ஏரிப் பகுதியைச் சேர்ந்தது. அது சுண்ணாம்புப் பாறை நிலமாதலின் அங்குள்ள நீர் காரத்தன்மை உடையது. டச்சு விஞ்ஞானி போஸ்மன் 1950-களில் சேகரித்த இம்மீனுக்கு 1980-இல் ஆலன், கிராஸ் ஆகியோர் அறிவியற் பெயர் சூட்டினர். ஆண் மீனின் முன்னுடல் நீலமாகவும் பின்னுடல் செம்மஞ்சளாகவும் விளங்கும், பெண் மங்கலானது.

நம் மலையிலேயே அழகிய மீன்கள் இருக்க, அயல்நாட்டு மீன் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. மலையாளத்தில் செங்கணியான் எனவும், வாணிபத்தில் ‘மிஸ் கேரளா’ எனவும் வழங்கும் மீனை, இடுக்கி எல்லையை ஒட்டிய முண்டக்கயத்திலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1865-இல் பிரான்சிஸ் டே விவரித்தார். அப்போதைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரை அதற்கு இட்டார். ஆயின் அது பிராணவாயு நிறைந்த குளிர்ந்த ஓடைகளில் கூட்டமாக நீந்தும் மீன். கோடையில் சூடேறும் சிறு தொட்டியில் நலிவுறும். அதனினும் பெரிய தடை வேறொன்று. ஏற்றுமதிக்காக ஆறுகளிலிருந்து பெருமளவில் பிடிக்கப்பட்டு, 2010-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அழிவுக்குள்ளாகும் இனமாக அது வகைப்படுத்தப்பட்டது. கேரள அரசு 2008-இல் பிடிப்பைக் கட்டுப்படுத்தியது. எனினும், விதித்த தடைக்காலம் அம்மீன் முட்டையிடும் மாதங்களோடு சரிவரப் பொருந்தவில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மீனின் வாழ்க்கையை அறியுமுன் சட்டம் வகுத்தால் இவ்வாறுதான் நேரும்.

போஸ்மன் மீனுக்கும் இக்கதி நேர்ந்ததுண்டு. 1980-களின் இறுதியில் வண்ணமிக்க ஆண் மீன்களே பல்லாயிரக்கணக்கில் அயமாருவிலிருந்து வாரிச் செல்லப்பட்டன. இன்று கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் பண்ணைகளில் பெருக்கப்பட்டவை. வாங்குமுன் அதனைக் கேட்டுத் தெளிதல் நன்று. இளம் மீன்கள் சாம்பல் நிறமாகவே இருக்கும். வண்ணம் ஏறச் சில மாதங்கள் ஆகும். நிறமின்மை நோயன்று.

ஆறேழு மீன்களுக்கு 90 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமுடைய தொட்டி வேண்டும். துள்ளும் இயல்பினவாதலின் மூடி இன்றியமையாதது. வடிகட்டியில் நற்பாக்டீரியாக்கள் பெருகி, கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்கச் சில வாரங்கள் செல்லும். புதுத் தொட்டியில் முதல் நாளே மீன்களை நிரப்புவோர் அவற்றை இழப்பது இதனாலேயே. வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். கொசுப்புழு இவற்றிற்கு விருப்பமான உணவு.

பள்ளிக்கு இம்மீன்கள் சிறந்த பாடப்பொருள். பெண் மீன் நாள்தோறும் சில முட்டைகளைச் செடிகளில் இடுகிறது. முட்டையிலுள்ள நுண்ணிழைகள் பற்றிக்கொள்கின்றன. பச்சைக் கம்பளி நூற்கொத்து ஒன்றை மிதக்கவிட்டால் அதிலும் இடும். அதனை வேறு கண்ணாடிச் சாடிக்கு மாற்றிப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், சில நாட்களில் முட்டைக்குள் கரு விழிகள் தெரியும். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் குஞ்சுகள் வெளிவந்து நீரின் மேற்பரப்பிலேயே திரியும். வைக்கோல் ஊறிய நீரில் பெருகும் நுண்ணுயிர்களே முதலுணவு.

மிகுதியாகும் குஞ்சுகளை அண்டைப் பள்ளிகளுக்கு வழங்கலாம். வாய்க்காலில் விடலாகாது, இவ்வட்டாரத்து நீர் பாரதப்புழையைச் சேர்கிறது.