பேராதனையில் எந்தக் கதவைத் தட்டுவது?

"பேராதனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்." கண்டி, கம்பளை, மாவனல்லைப் பகுதிகளில் நாம் அடிக்கடி கேட்கும் வசனம் இது. சொல்பவர் துண்டுடன் கிளினிக்குக்குப் போகும் நோயாளியாக இருக்கலாம். பல்லைக் காட்டப் போகும் பிள்ளையாக இருக்கலாம். உயர்தரத்தில் சித்தியடைந்து பதிவுக்குப் போகும் மாணவியாகவும் இருக்கலாம். எல்லோரும் சொல்லும் ஊர் ஒன்றுதான். ஆனால் அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடங்கள் வேறு வேறு. பிழையான வாசலில் நின்றால் ஒரு நாள் வீணாகிவிடும். கூலி வேலை செய்யும் ஒரு வாப்பாவுக்கு ஒரு நாள் என்பது அன்றைய வீட்டுச் செலவு. கிளினிக் திகதியைத் தவறவிட்ட நோயாளிக்கு அது பல வாரக் காத்திருப்பு. ஆகவே, பெரிய நிறுவனமொன்றில் நமக்கு வேண்டிய பகுதியையும் அதற்குப் பொறுப்பானவரையும் கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் பேராதனையை உதாரணமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு பெயர், பல வாசல்கள்

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டது. அதன் முதலாவது உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். 1952இல் கலைப் பீடம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1954இல் இவ்வளாகம் உத்தியோகபூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் பேராதனையில் உருவானது. பேராதனை போதனா வைத்தியசாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்ததனால், இன்று "பேராதனை" என்ற ஒரே பெயருக்குள் பல நிறுவனங்கள் அடங்கியுள்ளன.

நோயாளிகள் செல்லும் இடங்களை மட்டும் பார்த்தாலே இது விளங்கும். பெரியவர்களுக்குப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அதன் அருகே சிறுவர்களுக்கென சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட வைத்தியசாலை உள்ளது. பற்களுக்கும் வாய் நோய்களுக்கும் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பல் போதனா வைத்தியசாலை தனியாக இயங்குகின்றது. மிருக வைத்திய பீடத்துக்கும் சொந்தமாக ஒரு வைத்தியசாலை உண்டு. அங்கே நோயாளிகள் பூனைகளும் நாய்களும் மாடுகளும்! இவை போதாதென்று, சில கிலோமீற்றர் தொலைவில் கண்டி தேசிய வைத்தியசாலை இருக்கிறது. "கண்டி ஆஸ்பத்திரி", "பேராதனை ஆஸ்பத்திரி" என்று இரண்டையும் மாற்றிச் சொல்வது நமது வீடுகளில் சாதாரணமான விடயம். பஸ்ஸில் ஏறுமுன் துண்டின் தலைப்பில் எந்த வைத்தியசாலையின் பெயர் இருக்கிறதென்று முழுமையாக வாசிப்பதே முதலாவது பாடம்.

இரண்டு மரங்கள், பின்னிய கிளைகள்

இரண்டாவது பாடம் சற்றுச் சிக்கலானது. ஆனால் இதைப் புரிந்துகொண்டால் பாதி வழி தெரிந்துவிடும். போதனா வைத்தியசாலை சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றது. அதன் தலைவர் பணிப்பாளர். மருத்துவ பீடமோ பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றது. அதன் தலைவர் பீடாதிபதி. பீடாதிபதிக்கு மேலே உபவேந்தரும், நிருவாக விடயங்களுக்குப் பதிவாளரும் இருக்கின்றனர். இவை இரண்டு தனித்தனி மரங்கள்.

ஆனால் அவற்றின் கிளைகள் பின்னிக் கிடக்கின்றன. பீடத்தில் மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறும் பெண்நோயியலும், சிறுவர் மருத்துவம், உளமருத்துவம் போன்ற துறைகள் உள்ளன. இத்துறைகளின் விரிவுரையாளர்கள் வைத்தியசாலையிலும் நோயாளர்களைப் பார்க்கின்றனர். அவர்கள் பொறுப்பாக இருக்கும் விடுதிகளைப் "பேராசிரியர் அலகு" என்பார்கள். காலையில் விடுதியில் நோயாளியைப் பரிசோதித்த அதே வைத்தியர், பிற்பகலில் பீடத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம். அதனால்தான் சிலர் தமது கிளினிக் விடயமாகப் பீடத்து அலுவலகத்துக்கும், மருத்துவப் படிப்பு விடயமாக வைத்தியசாலைக்கும் போய் நிற்கிறார்கள். வைத்தியர் ஒருவராக இருந்தாலும் அவர் வகிக்கும் பதவிகள் இரண்டு. சிகிச்சை, விடுதி, கிளினிக், அறிக்கை பற்றியதென்றால் வைத்தியசாலை. படிப்பு, ஆய்வு, பயிற்சி பற்றியதென்றால் பீடம். இந்த ஒரு கேள்வியை முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நோயாளிக்குத் துணையாகச் செல்பவர்களுக்கு

வைத்தியசாலைக்குள் பிரிவுகளைக் கட்டடங்களால் அல்ல, அவை செய்யும் வேலைகளால் நினைவில் வைப்பது இலகுவானது. புதிதாக வருபவர் முதலில் செல்வது வெளிநோயாளர் பிரிவு, இதைத்தான் ஓ.பி.டி. என்கிறோம். அங்கே பார்க்கும் வைத்தியர் தேவையென்றால் விசேட கிளினிக்குக்கு எழுதித் தருவார், அல்லது விடுதியில் அனுமதிப்பார். கிளினிக் ஒவ்வொன்றுக்கும் குறித்த கிழமை உண்டு. செவ்வாய்க்கிழமைக் கிளினிக்குக்கு வியாழக்கிழமை போனால் எவராலும் உதவ முடியாது. அவசர நிலைமையில் வரிசையைப் பற்றி யோசிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும். வீட்டிலிருந்தே அம்பியூலன்ஸ் தேவையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். "சுவசெரிய" என்னும் இச்சேவைக்குக் கட்டணம் இல்லை.

நோயாளியின் கையில் இருக்கும் காகிதங்கள்தான் நமக்கு உண்மையான வழிகாட்டி. கிளினிக் கொப்பியில் கிளினிக்கின் பெயர், நோயாளியின் இலக்கம், அடுத்த திகதி ஆகிய மூன்றும் இருக்கும். விடுதியிலிருந்து வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் விடுதி இலக்கமும் பி.எச்.டி. எனப்படும் கட்டில் அட்டை இலக்கமும் இருக்கும். பிறகு ஒரு வைத்திய அறிக்கை தேவைப்பட்டால், வைத்தியப் பதிவுப் பிரிவில் கேட்கும் முதலாவது கேள்வியே அந்த இலக்கம்தான். அது இல்லாமல் "போன வருஷம் உம்மாவை இங்கேதான் வைத்திருந்தோம்" என்று சொன்னால், ஆயிரக்கணக்கான கோவைகளுக்குள் தேடுவது யாரால் முடியும்? எனவே இந்தக் காகிதங்களை ஒரே கோவையில் திகதிவாரியாக அடுக்கி வைப்பது வீட்டிலுள்ள படித்த பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும். கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

தொலைபேசியில் அழைக்கும்போது பெரும்பாலும் முதலில் கிடைப்பது பொது இலக்கம். அங்கே பதில் சொல்பவர் வைத்தியர் அல்லர். அழைப்பை உள்ளே மாற்றிக் கொடுப்பவர். அவரிடம் நோயின் கதையைச் சொல்வதில் பயனில்லை. "இத்தனையாம் இலக்க விடுதிக்குத் தாருங்கள்" என்று ஒரே வசனத்தில் கேட்க வேண்டும். மாற்றும்போது உள்ளக இலக்கம் எது என்று கேட்டு எழுதி வைத்தால் அடுத்த முறை நேரம் மிஞ்சும். காலையில் வைத்தியர்கள் விடுதியைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் அழைக்காமல் இருப்பதும் ஒரு மரியாதை.

ஜனாஸாவின் அவசரம்

நம் சமூகத்துக்கு இன்னொரு விடயமும் முக்கியமானது. ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்வது நமது மார்க்கக் கடமை. விடுதியில் சிகிச்சை பெற்றுவந்த ஒருவர் மரணித்து, காரணத்தை வைத்தியர் உறுதிசெய்தால் வேலை அந்த விடுதியிலேயே தொடங்கும். விபத்து, திடீர் மரணம் போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே திடீர் மரண விசாரணை அதிகாரி, பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி ஆகியோரின் பங்கு வருகின்றது. பிரேத பரிசோதனை தேவையா என்ற தீர்மானம் விடுதித் தாதியின் கையிலோ வைத்தியசாலைப் பணிப்பாளரின் கையிலோ இல்லை. இது தெரியாமல் துக்கத்தில் இருக்கும் குடும்பத்தினர் விடுதி வாசலில் வாதாடி மணித்தியாலங்களை இழக்கிறார்கள். விடயம் யாரிடம் இருக்கிறது என்று அமைதியாகக் கேட்டு, அடையாள அட்டையுடன் நெருங்கிய உறவினர் ஒருவரும் விபரம் தெரிந்த பள்ளிவாசல் நிருவாகத்தவர் ஒருவரும் உரிய அதிகாரியிடம் செல்வதே விரைவான வழி.

மாணவிக்கு

உயர்தரம் எழுதும் நமக்கும் இதே விதி பொருந்தும். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது பேராதனை அல்ல. கொழும்பு 7, வாட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே அதைச் செய்கின்றது. இசட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி, பாடநெறியின் விருப்ப வரிசை பற்றிய கேள்விகள் அங்கேதான் போக வேண்டும். தெரிவுக் கடிதம் வந்த பிறகு பதிவு பற்றிய கேள்வி பல்கலைக்கழகப் பதிவாளரின் கீழுள்ள பிரிவுக்கும், பாடங்கள் பற்றிய கேள்வி உரிய பீடத்துக்கும் துறைக்கும் போகும். விடுதி வசதி, உதவிப்பணம் ஆகியன மாணவர் நலன்புரிப் பிரிவின் வேலை. பிள்ளையைத் தூர இடத்துக்கு அனுப்பும் பெற்றோர் விடுதி பற்றிப் பீடாதிபதியைத் தேடி அலையத் தேவையில்லை. வளாகத்திலுள்ள முஸ்லிம் மஜ்லிஸ் மாணவர்களிடம் கேட்டால் அனுபவத்தில் அறிந்த தகவல்கள் கிடைக்கும். ஆனால் இறுதி வார்த்தை உத்தியோகபூர்வ கடிதத்தில் உள்ளதுதான்.

கடிதம் எழுதும்போது ஆளின் பெயருக்கு அல்லாமல் பதவிக்கு எழுதுவது சிறந்தது. "துறைத் தலைவர், உடற்கூற்றியல் துறை, மருத்துவ பீடம்" என்று எழுதினால், தலைவர் மாறினாலும் கடிதம் உரிய மேசைக்குப் போகும். மின்னஞ்சல் முகவரி "டொட் ஏசி டொட் எல்கே" என்று முடிந்தால் அது இலங்கையின் கல்வி நிறுவன முகவரி. "இடம் எடுத்துத் தருகிறேன்" என்று வேறு முகவரியிலிருந்து பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

நமது மொழியில் கேட்கும் உரிமை

பெயர்ப் பலகையில் தமிழ் இருந்தாலும் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். இதனால் நம் உம்மாமார் பலர் கேட்க வேண்டியதைக் கேட்காமலே திரும்பி விடுகிறார்கள். 1988இல் செய்யப்பட்ட அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்பு கொள்ளவும் பதில் பெறவும் உரிமை வழங்கியுள்ளது. தகவலே மறுக்கப்பட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் இருக்க வேண்டிய தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். அரசாங்கச் சேவைகள் பற்றிய பொதுவான விபரங்களுக்கு 1919 என்ற இலக்கம் மும்மொழியிலும் உள்ளது.

உரிமை இருக்கின்றது என்பதற்காக நாம் சிங்களம் கற்காமல் இருக்க வேண்டும் என்பதில்லை. நோயாளியின் வலி எங்கே, எப்போது தொடங்கியது, என்ன மருந்து குடிக்கிறார் என்பதைச் சிங்களத்தில் சொல்லத் தெரிந்த மகள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால், அந்த உம்மாவின் பாதி நோய் அங்கேயே குறைந்துவிடும். மூன்று மொழிகளும் கற்கும் வாய்ப்பு நமது தலைமுறைக்கு இருக்கின்றது.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது நமக்கு நன்மை தரும் அமல். அவருடைய துண்டை வாசித்துக் கொடுப்பதும், உரிய வாசலுக்கு அழைத்துச் செல்வதும் அந்த நன்மையின் ஒரு பகுதியே. அடுத்த முறை வீட்டில் யாராவது "பேராதனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்" என்றால், துண்டை வாங்கி மூன்று விடயங்களைப் பாருங்கள்: எந்த நிறுவனம், எந்தப் பிரிவு, எந்த நாள். இவை மூன்றும் தெளிவானால் தட்ட வேண்டிய கதவும் தெரிந்துவிடும்.