கல்லில் ஏறும்போது கிளட்ச்சை மறந்துவிடுங்கள்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்பில் முன்சீட் கிடைத்தால் தேயிலைத் தோட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் டிரைவரின் இடது காலைப் பாருங்கள். பழகிய ஆள் என்றால், கல்லும் கரடுமாகக் கிடக்கும் இடத்தில் அந்தக் கால் சும்மா கிடக்கும். ஸ்டியரிங் இரண்டு பக்கமும் ஆடும், வலது கால் ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும், பின்னால் இருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்குவார்கள். இடது காலுக்கு மட்டும் வேலை இருக்காது. கியர் வண்டியைக் கல்பாதையில் மெதுவாக ஓட்டும் வித்தையில் முக்கால்வாசி இதுதான்.

கொழுக்குமலை எஸ்டேட் இருப்பது தேனி மாவட்டத்தில். ஜீப் பாதை ஏறுவதோ கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து. கடல்மட்டத்துக்கு மேல் 7,000 அடியைத் தாண்டிய இடம். தூரம் சுமார் 12 கிலோமீட்டர்தான், ஆனால் மேலே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மோசமான ஏற்றங்களில் பக்கத்தில் நடந்து வருகிறவரே ஜீப்பை முந்திவிடுவார். அந்த நிதானம் வண்டியின் இயலாமை அல்ல, அப்படித்தான் ஓட்ட வேண்டும். ஜிம்னி, தார் போன்ற ஜீப் ரக வண்டியை வாங்கி மலைக்குக் கிளம்பும் நகரத்துக்காரருக்கு இங்கே பெரிய எதிரி பாறை கிடையாது. டிராஃபிக்கில் பழகிப்போன அவருடைய இடது கால்தான்.

நகரத்தில் மெதுவாகப் போக வேண்டுமென்றால் நாம் என்ன செய்கிறோம்? கிளட்ச்சைப் பாதி மிதித்து, பாதி விட்டு, வண்டியை ஊர்ந்துபோக வைக்கிறோம். அதற்கு ‘ஹாஃப் கிளட்ச்’ என்று பெயரும் வைத்திருக்கிறோம். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃபிளைவீல் ஒரு வேகத்தில் ஓடுகிறது. கியர்பாக்ஸோடு சேர்ந்த கிளட்ச் பிளேட் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடுகிறது. இரண்டும் உரசும்போது அந்த வேக வித்தியாசம் முழுவதும் சூடாக மாறுகிறது. சிக்னலில் ஓரிரு நொடி உரசினால் பிளேட் தாங்கிக்கொள்ளும். ஏற்றத்தில், ஆள் நிறைந்த வண்டியை, கல்மேல் நிமிடக்கணக்கில் இப்படி இழுத்தால் தாங்காது. முதலில் கருகிய நாற்றம் வரும். அப்போதே நிறுத்தாவிட்டால் ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. மலையில் அந்த நிலைக்கு வந்துவிட்டால் கயிறு கட்டி இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நாற்றம் வந்துவிட்டால் சமமான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டு சுற்றும்போது சூடு அதற்குள் இறங்கி ஆறும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பானட்டைத் திறந்து விசிறுவதால் பயன் இல்லை.

கிளட்ச் வீணாவது செலவு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கிளட்ச்சை மிதித்த கணம் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும். இறக்கத்தில் முன்னால் ஓடும். பயந்தவுடன் கிளட்ச்சை மிதிப்பது சாலையில் நல்ல பழக்கமாக இருக்கலாம். பாறையில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கையை நாமே உதறிவிடுவதற்குச் சமம் அது.

கிளட்ச் இல்லாமல் எப்படி அவ்வளவு மெதுவாகப் போவது என்று கேட்கலாம். அதற்குத்தான் இரண்டாவது சின்ன லிவர். ‘ஃபோர் லோ’ என்கிற நிலையில் போட்டால், கியர்பாக்ஸிலிருந்து வரும் சுற்று டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிற துணைப் பெட்டியில் இன்னொரு தடவை குறைக்கப்படுகிறது. ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். முதல் கியரின் விகிதம் 4.425. லோ நிலையில் சுற்று மேலும் 2.002 மடங்கு குறைகிறது. ஆக்ஸிலுக்குள் இன்னும் 4.09 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 36 வரும். அதாவது எஞ்சின் 36 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு சுற்று. ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுவதாக வைத்துக்கொண்டால், சக்கரம் 22 சுற்றுதான் ஓடும். கணக்குப் போட்டால் மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நம் நடையில் ஏறக்குறைய பாதி. அதே முதல் கியரை லோ போடாமல் பயன்படுத்தினால் 6 கிலோமீட்டர் வரும். அந்த வேகத்தில் பாறையில் முட்டும்போதுதான் கால் தானாகக் கிளட்ச்சைத் தேடிப் போகிறது.

சுற்று எத்தனை மடங்கு குறைகிறதோ, ஏறக்குறைய அத்தனை மடங்கு இழுவிசை கூடுகிறது. அதனால்தான் ஆக்ஸிலேட்டர் மிதிக்காமலேயே வண்டி கல்மேல் ஏறுகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இந்தப் பெருக்கல் தொகை ஏறக்குறைய 26-தான். நம்மூர் மஹிந்திரா ஜீப்புகளின் மூதாதை அது. மறுகோடியில் இன்றைய ரேங்க்ளர் ரூபிகான் ஜீப்பின் கியர் வண்டி: அதில் 80-க்கும் மேல். கலிஃபோர்னியாவில் ரூபிகான் டிரெயில் என்கிற பாறைப் பாதையின் பெயரைத்தான் அந்த வண்டிக்கு வைத்தார்கள். அதற்கு முதல் கியர் பல இடங்களில் தேவையே இல்லை, இரண்டாவது போதும். இழுவிசை அளவுக்கு மிஞ்சினால் பொடிக்கல்லில் சக்கரம் சும்மா சுழன்று குழி பறிக்கும். எந்த வண்டியானாலும், இறுகிய பாறைக்கு முதல் கியர், தளர்ந்த மண்ணுக்கும் சரளைக்கும் இரண்டாவது என்று ஆரம்பித்துப் பார்க்கலாம்.

கிளம்புவது எப்படி? கல்பாதை தொடங்குவதற்கு முன்பே வண்டியை நிறுத்தி ஃபோர் லோவில் போடுங்கள். பாதி ஏறியபிறகு லிவரைத் தேடக்கூடாது. முதல் கியர், கிளட்ச்சை விடுங்கள், முழுவதும் விடுங்கள், காலைப் பக்கத்தில் வையுங்கள். கிளட்ச் பெடல்மேல் காலைச் சும்மா வைத்திருந்தாலும் குலுக்கலில் அது அமுங்கும். வண்டி தானாக நகரும். முன்சக்கரம் கல்லில் முட்டியதும் எஞ்சின் சத்தம் தாழும், வண்டி திணறும். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். இன்றைய எஞ்சின்களில் கம்ப்யூட்டர் சுற்று குறைவதை உணர்ந்து தானே எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். பெருவிரலால் அழுத்துகிற அளவு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள், போதும். டயர் கல்லைக் கவ்வி மெல்ல மேலேறுவது சீட்டிலேயே தெரியும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. வண்டி சாயும்போது கிண்ணத்துப் பெட்ரோலும் சாய்ந்து எஞ்சின் விக்கும், அவற்றுக்குக் கொஞ்சம் தாராளமாகவே மிதிக்க வேண்டும்.

ஏறியாயிற்று, அடுத்தது கல்லின் மறுபக்கம் ‘தொப்’பென்று விழுவது. வண்டிக்கு அடி படுவது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, இப்படி விழும்போதுதான். டயர் உச்சியைத் தாண்டும்போது, கியர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, பிரேக்கை லேசாகத் தொட்டால் வண்டி கல்லிலிருந்து வழுக்கி இறங்கும், விழாது. இடது கால்தான் காலியாக இருக்கிறதே, அதை வைத்துப் பிரேக் பிடிக்கலாமே என்று தோன்றும். பிடிக்கலாம், ஆனால் முதலில் மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள். பல வருடமாகக் கிளட்ச்சை அடிவரை அமுக்கிய கால் அது. பிரேக்கையும் அதே பலத்தோடு அமுக்கி எல்லாரையும் கண்ணாடியில் மோதவைக்கும். பிரேக்குக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சுழலும்போது, இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரென்ஷியல் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் அதே சொற்ப விசையைத்தான் கொடுக்கும். சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டால் அதற்கு எதிர்ப்பு கூடுகிறது, மறுபக்கச் சக்கரத்துக்கும் விசை கூடுகிறது. புது வண்டிகள் பலவற்றில் இதைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது.

எந்தக் கல்லின்மேல் போவது? புதிதாக வருகிறவர் பெரிய கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்ப்பார். அது தப்பு. ஜிம்னி, ஜிப்ஸி, பழைய ஜீப் போன்ற வண்டிகளில் ஆக்ஸில் ஒரே இரும்புத் தண்டு. அதில் புடைத்து நிற்கும் டிஃபரென்ஷியல்தான் அடிப்பகுதியிலேயே தாழ்ந்தது. ஸ்பிரிங்கை உயர்த்திக் கட்டினால் பாடி உயரும், அந்தப் புடைப்பு உயராது. சக்கரம் உயர்ந்தால்தான் அது உயரும். ஆகவே கல்லின்மேல் டயரை ஏற்றுங்கள். புடைப்பு சில வண்டிகளில் நடுவிலும் சிலவற்றில் ஒரு பக்கமாகவும் இருக்கும், கிளம்புவதற்கு முன் குனிந்து ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல் உள்பக்கம் மாட்டியிருக்க வேண்டாம். கல் சக்கரத்தைத் திருப்பினால் ஸ்டியரிங் சட்டென்று சுழன்று விரலைப் பதம் பார்க்கும்.

வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும்போது டிரைவருக்குத் தரை தெரியாது. ஒருவரை இறக்கி முன்னால் நிறுத்துங்கள். ஒருவரை மட்டும். நான்கு பேர் நான்கு திசையில் கைகாட்டுவதைவிட யாரும் காட்டாமலிருப்பது மேல். பஸ்ஸும் லாரியும் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்கிற ‘ரைட்… ரைட்… ஹோல்டான்’ இங்கேயும் போதும். ஒன்றுதான் கவனிக்க வேண்டும்: எதிரே நிற்கிறவருக்கு இடம் வலம் மாறும். அதனால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதைக் கையால் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால்? கிளட்ச்சைத் தொடாதீர்கள். பிரேக்கை அழுத்தி ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள். கியரில் நிற்கும் எஞ்சினும் தன் பங்குக்குப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலேறும் ஆசையை விட்டுவிட்டு, பிரேக்கில் கால் இருக்கும்போதே கிளட்ச்சை மிதித்து ரிவர்ஸ் போட்டு, கிளட்ச்சை முழுவதும் விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கால் பிரேக்கை மெல்லத் தளர்த்திக்கொண்டே சாவியைத் திருப்பினால், பழைய வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியைப் பின்னால் அசைத்து எஞ்சினைக் கிளப்பிவிடும். பிறகு நேராகப் பின்னால் இறங்கவேண்டியதுதான். குறுக்கே மட்டும் திருப்பாதீர்கள், வண்டி உருண்டுவிடும். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் புது வண்டிகளில் இது நடக்காது. பிரேக்கில் நிறுத்தி, எஞ்சினைக் கிளப்பி, ரிவர்ஸில் கிளட்ச்சைச் சட்டென்று முழுதாக விட்டுவிட வேண்டும். ரேங்க்ளரில் ஃபோர் லோவில் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியிருக்கிறார்கள். பாறையில் ஓட்டிப் பார்த்த யாரோ கேட்டு வாங்கிய வசதியாகத்தான் இருக்க வேண்டும்.

இறக்கம் இதைவிட எளிது. அதே லோ, அதே முதல் கியர், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் ஒதுங்கி வழுக்க ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலேட்டரை ஒரு துளி கொடுங்கள். சக்கரம் மறுபடி உருண்டு பிடிப்பு கிடைக்கும்.

இன்னொரு விஷயம், டயர் காற்று. சாலையில் 30 பிஎஸ்ஐ அளவில் இருப்பதைக் கல்பாதைக்கு 20 வரை இறக்கலாம். டயர் இளகிக் கல்லைச் சுற்றி மடங்கும், குலுக்கலும் குறையும். 15-க்குக் கீழே போனால் சாதாரண ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடக்கூடும்.

தார்ச்சாலை வந்ததும் முதலில் டூ வீலுக்கு மாற்றுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓடும். கல்லில் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்காது, முறுக்கு முழுவதும் தண்டுகளில் ஏறும். லிவர் வர மறுத்தால் பலம்கொண்டு இழுக்காதீர்கள். சில அடி நேராக ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு அவிழ்ந்து லிவர் தானாக வரும். டயரில் காற்று நிரப்பும்வரை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம்.